நிறுத்தினால் கோடு விழும்

திருப்பூரில் ஓடிக்கொண்டிருக்கிற எதையும் பாதியில் நிறுத்தி, நிறுத்திய தடமே தெரியாமல் மறுபடி ஓட்டத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். கம்ப்யூட்டரோ, சண்டையோ, டீயோ, கல்யாணப் பேச்சோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். பிரம்மா மும்முரமாக ஒரு ஆளைப் படைத்துக்கொண்டிருந்தாலும் குறுக்கே போய்க் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார். மறுநாள் வந்து, "மூக்குல நின்னதுங்க சாமி, அங்கிருந்து பண்ணுங்க" என்று நினைவுபடுத்தவும் செய்திருப்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'சித்திருங்க'. 'சித்தெ இருங்க' என்றால் கொங்கு நாட்டில் கொஞ்சம் பொறுங்க என்று அர்த்தம். அதை ஒரு நாளைக்கு நூறு முறை வேகமாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும். பீகாரிலிருந்து வந்து எங்கள் கம்பெனி பேக்கிங்கில் வேலை பார்த்தவர்கள் அதுதான் அவர் பெயர் என்று நம்பி 'சித்ரங் பாய்' என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பினார். குண்டடத்துக்காரர், கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்தவர். பூனைக்குட்டியைக்கூட ஒருமையில் அழைக்காதவர். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், "ஏனுங், எந்திரிங்க" என்பார்.

நான் கோவில்பட்டிக்காரி. இரண்டாயிரங்களில் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட உடுப்பு, கேட்ட நிறத்தில், கேட்ட நாளில் கப்பலேறும்வரை நூல்காரன், சாயக்காரன், தையல்காரன் எல்லாரிடமும் கத்துவதுதான் அந்த வேலை. எனக்குப் பொருத்தமான வேலை. கொங்கு ஆட்கள் திட்டும்போதும் 'ங்க' போடுவார்கள். எங்கள் பக்கம் கொஞ்சினாலே திட்டுவது போலத்தான் கேட்கும். எனக்குக் கோபம் வரும். வந்தால் நிற்காது. அதை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

எப்படி என்று சொல்கிறேன். அளவு தப்பாக ஒரு கணக்கு வந்துவிட்டது என்று நான் அவர் மேஜைக்குப் போய்க் கத்த ஆரம்பிப்பேன். "ஏம்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஆரம்பித்து நல்ல வேகம் எடுத்திருக்கும் நேரம், ஒரு விரலைத் தூக்கி "சித்திருங்க" என்பார். எழுந்து போய்விடுவார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"பொடனியில நின்னுதுங்கக்கா. அங்கிருந்து சொல்லுங்க."

நின்றுபோன கோபத்தை மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஆறிப்போன தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். "போய்யா, அந்தக் கணக்கெ சரி பண்ணு" என்பதோடு முடிந்துவிடும். அவர் ஏற்கெனவே சரி பண்ணியிருப்பார். அதற்குத்தான் எழுந்து போனது.

கதை சொல்வதும் அப்படித்தான். ஒரு திங்கட்கிழமை கேண்டீனில், "எங்க அப்புச்சி கெணத்துல எருமெ உளுந்துருச்சுங்க. ஊரே கூடி கயித்தெக் கட்டி இழுக்கறோம். பாதி மேல வந்துருச்சு. அப்பப் பாத்து கயிறு..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேலே இருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். "சித்திருங்க" என்று போய்விட்டார். வியாழக்கிழமை மத்தியானம் அதே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அந்து போச்சுங்க" என்றார். நடுவில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே அந்த எருமையைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டபடி வேலை பார்த்தது. ஒருவருக்கும் கூட்டல் சரியாக வரவில்லை.

ஒருநாள் சலூனில் மீசை ஒதுக்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்த வருஷங்களில் கரண்ட் போவது எங்கள் ஊரில் மாமியார் வருவது மாதிரி, எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்க முடியாது. நீங்களும் நானும் என்றால் காத்திருப்போம். அவர் பாதி மீசையோடு வேலைக்கு வந்தார். கேட்டதற்கு, "நிறுத்தி வெச்சிருக்குதுங்க, சாயந்தரம் ஓட்டிக்கலாம்" என்றார். பல்லடத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பஜ்ஜித் தட்டை நீட்டும்போது கம்பெனியிலிருந்து போன் வர, பெண்ணிடமே "சித்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவர் அவர். அடுத்த வாரம் போய், "பஜ்ஜியில நின்னதுங்க" என்றாராம். அந்தப் பெண்தான் இப்போது அவர் மனைவி. "உட்ட எடத்துக்கே திரும்பி வர்ற ஆளு, போனாப் போகட்டும்னு கட்டிக்கிட்டேனுங்கக்கா" என்று அவளே என்னிடம் சொன்னாள்.

எத்தனை நின்றாலும் ஒன்றும் மறக்காது. "என்னய்யா நிக்குது இப்ப?" என்று கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நம்பர் போட்டு ஒப்பிப்பார். "ஒண்ணு, டீ. ரெண்டு, உங்க சண்டெ. மூணு, டைலர் சேரு ரிப்பேரு. எதெ முன்னால கொண்டாரட்டுங்க?"

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து. முதலாளி காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க மாட்டார் என்பதால் சும்மா கிடைக்கிற லினக்ஸைத்தான் போட்டிருந்தார்கள். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. கம்பெனிக்கே அந்த ஒரு பெட்டிதான். அதில் ஒரு வேலை ஓடும்போது கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினால் வேலை செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்துதான். ஆனால் கன்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினால் சாகாது. கையில் எடுத்த சோறு கையில், வாயில் வைத்தது வாயில் என்று அப்படியே நிற்கும். 'ஜாப்ஸ்' என்று அடித்தால் என்னென்ன நிற்கிறது என்று நம்பரோடு சொல்லும். 'எஃப்ஜி' என்று அடித்தால் முன்னால் வந்து விட்ட இடத்திலிருந்து ஓடும். 'பிஜி' என்றால் பின்னால் ஓடும். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மனிதர் தன்னையும் அந்தப் பெட்டி மாதிரியே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் முதலாளியை எல்லாரும் 'அய்யா' என்போம். தோட்டத்தை விற்று நாலு நிட்டிங் மிஷின் போட்டு, அதிலிருந்து மேலே வந்தவர். நிட்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வட்ட மிஷின் துணி பின்னிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். சாயம் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும். துணி வாங்குகிற பையர் பார்த்தால் ரிஜெக்ட். அய்யா அந்தக் கோட்டால் ஒரு காலத்தில் நிறைய அடிபட்டவர். அதனால் உலகத்தில் எது நின்று ஓடினாலும் கோடு விழும் என்பது அவர் சித்தாந்தம். பஸ் நடுவில் டீக்கு நின்றால்கூட முகம் சுளிப்பார். கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம். "ஓடறதெ நிறுத்தப்படாது. கோடு உளுந்துரும்."

மேனேஜருக்கு எதிர்ச் சித்தாந்தம். அவருக்குத் தெரிந்த ஒரே கட்டளை பிளக்கைப் பிடுங்குவது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒருநாள் நான் மாட்டினேன்.

குழந்தைகள் போடுகிற இரவு உடுப்பு ஆர்டர் ஒன்று, அரக்கு நிறம். என் பொறுப்பு. சாயப் பட்டறையில் ஒரு பகுதித் துணி கருகிப் போனது. மறுபடி சாயம் போட்டால் அதே அரக்கு வராது. அந்த நிறம் ஒருமுறைதான் அப்படி வரும். இருக்கிற துணியிலேயே எல்லா உடுப்பையும் வெட்டியாக வேண்டும். கையால் அடுக்கிப் பார்த்தால் துணி போதவில்லை. சித்திருங்க தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். கை, உடம்பு, கழுத்துப்பட்டி என்று உடுப்பின் துண்டுகளையெல்லாம் துணிமேல் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும். ஓட ஓட நெருக்கமாக அடுக்கும்; அந்த அடுக்குக்குப் 'பிளான்' என்று பெயர். காலையில் ஓடவிட்டால் சாயந்தரம்தான் முடியும். நடுவில் செத்தால் அத்தனையும் போச்சு. கட்டிங் மாஸ்டர் கத்தியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு வெட்டாவிட்டால் ஆர்டர் கப்பலைத் தவறவிடும்.

ஆர்டர் போனால் என் வேலை போகும். வேலை போனால் கோவில்பட்டி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவதை என் சம்பளம் வந்த பிறகுதான் விட்டிருந்தாள். தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மேனேஜர் ஓடி வந்தார். வேறொரு ஆர்டர், கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான். அப்போதுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். எல்லா அட்டைப்பெட்டி ஸ்டிக்கரிலும் மீடியம், மீடியம், மீடியம். ஒல்லி, குண்டு எல்லாருக்கும் மீடியம். அத்தனையும் திரும்ப அடிக்க வேண்டும்.

"அந்தப் பிளானெ வெட்டி உட்டுட்டு ஸ்டிக்கரெப் போடுங்க" என்றார்.

"காலையிலருந்து ஓடுது. நீரு மீடியம்னு அடிச்சதுக்கு என் ஆர்டர் சாகணுமாக்கும்?" என்றேன் நான்.

"ஏனுங்க, உங்க ஊர்ல கத்தாம பேசவே தெரியாதுங்களா?"

"தெரியும். தப்புப் பண்ணாதவன்கிட்ட கத்த மாட்டோம்."

சத்தம் கேட்டு அய்யா வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எதையும் நிறுத்தப்படாது. ரெண்டும் ஓடட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ரெண்டும் ஓடியது. பெட்டியின் மூச்சு முழுவதையும் பிளான் பிடித்து வைத்திருந்ததால், ஸ்டிக்கர் ஒன்று வெளியே வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். வெளியே ஹாரன். மேனேஜர் மெதுவாக மேஜைக்கு அடியில் குனிந்தார். பிளக்.

"அதுல கை வச்சா நான் இப்பவே போறேன்! கணக்கெ முடிச்சுக் குடும்!" என்று கத்தினேன்.

அய்யா என்னைப் பார்த்தார். அவருக்கும் அன்று பொறுமை தீர்ந்திருந்தது. "போறதுன்னா போ கண்ணு. ஆரு புடிச்சு வெச்சா?" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அம்மாவின் விரல் நுனியில் ஒட்டியிருக்கும் தீக்குச்சி மருந்து நினைவுக்கு வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பையை எடுக்கத் திரும்பினேன்.

"சித்திருங்க."

ஒரு விரல் மேலே போயிருந்தது. இன்னொரு கை கீபோர்டில் இரண்டு கட்டையை அழுத்தியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் நின்றது.

"நிறுத்தியாச்சுங்க" என்றார்.

"எதெடா?" என்றார் அய்யா.

"ரெண்டையுமுங்க. ஒண்ணு, பிளானு. ரெண்டு, அக்கா ராஜினாமா."

என் ராஜினாமாவைப் பற்றி அய்யா கவலைப்படவில்லை. "பிளானெ நிறுத்திப் போட்டியா? கோடு உளுந்துருமேடா!" என்று தலையில் கை வைத்தார்.

பிளான் நின்றதும் பெட்டிக்கு மூச்சு வந்தது. ஸ்டிக்கர் பொரிகடலை மாதிரி கொட்டியது. பேக்கிங் ஆட்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கன்டெய்னர் கிளம்பி, ஹாரன் ரோட்டில் தேய்ந்து மறைந்த பிறகு, சித்திருங்க 'எஃப்ஜி' என்று அடித்தார். திரை உயிர் பெற்றது. எந்த வரியில் நின்றதோ அதற்கு அடுத்த வரி. ஒரு எழுத்து விட்டுப்போகவில்லை. கையில் எடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்கிற மாதிரி ஓடியது.

பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ரெண்டாவதெ முன்னால கொண்டாரட்டுங்களாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே அய்யாவிடம் திரும்பினார்.

"அய்யா, நிக்கற வேலெ இருக்கறப்ப போறேன்னு சொன்னா இந்த மிசினு உடாதுங்க. நிக்கற வேலெ இருக்குதுன்னு சொல்லும். மறுக்காவும் போறேன்னு சொன்னாத்தான் உடும். அக்கா இன்னும் ஒருக்காத்தானுங்க சொல்லியிருக்கறாங்க."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மூடி வைத்தேன்.

அய்யா யோசித்தார். "செரி. பிளானு வரட்டும். அதுல கோடு இருந்துச்சுன்னா அவ மறுக்காச் சொல்ல வேண்டாம், நானே அனுப்பிச்சர்றேன்" என்றார்.

ஆக, என் பிழைப்பு ஒரு கோட்டில் வந்து நின்றது.

சாயந்தரம் பிளான் முடிந்தது. தாள் தாளாக அடித்து ஒட்டி, கட்டிங் டேபிளில் விரித்தார்கள். அய்யா துணியில் இழை எண்ணுகிற லென்சைக் கொண்டு வந்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எறும்பு மாதிரி ஊர்ந்தார். கட்டிங் மாஸ்டர் பின்னாலேயே டார்ச் அடித்துக்கொண்டு போனார். மேனேஜர் சாமி கும்பிட்டார். எதற்காகக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியும்.

பாதி டேபிளில் அய்யா நின்றார்.

"பாத்தியா! நாஞ் சொல்லல? கோடு!"

எட்டிப் பார்த்தேன். இருந்தது. அச்சின் குறுக்கே மை விழாத மெல்லிய வெள்ளைக் கோடு. பையைத் தோளில் மாட்டினேன்.

"சித்திருங்க" என்றுவிட்டு அவர் எங்கேயோ ஓடினார். அய்யா ரூமிலிருந்து ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்தார். அய்யா பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை. செலவு மிச்சம் என்று கம்பெனி பிரிண்டரிலேயே அடித்தது. அதை அய்யா கையில் கொடுத்து, "லென்சு வெச்சுப் பாருங்கய்யா" என்றார்.

அய்யா பார்த்தார். லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அட, எம்பேருலயே உளுந்திருக்குதே!"

"பிரிண்டர் தலெயில ஒரு ஊசி தேஞ்சு போச்சுங்க. ஊருக்கே கோடு போட்டுத்தான் குடுத்துட்டிருக்குது. புதுசு கேட்டு மூணு தடவெ சொன்னேனுங்க, நீங்கதான் அதெ நிறுத்தி வெச்சிருக்கறீங்க."

கட்டிங் மாஸ்டர் வெட்டினார். துணி போதுமானதாக இருந்தது. மிச்சம் விழுந்தது ஒரு கைக்குட்டை அகலம். அய்யா அந்தத் துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "போயி டீ குடி கண்ணு" என்றார். அவர் ஊர் வழக்கத்தில் அது மன்னிப்பு. அந்த மாசமே புது பிரிண்டரும் வந்தது.

என் ராஜினாமா மட்டும் முடிக்கப்படவே இல்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை எனக்கு வெறி பிடித்தது. "இந்தக் கம்பெனியிலே மனுசன்..." என்று நான் ஆரம்பித்ததும், ரூமின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு விரல் மேலே வரும். சிரிக்காமல், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார். "ரெண்டாம் நம்பரு நிக்குதுங்க. மறுக்காச் சொன்னா முடிஞ்சுரும்." நான் அடுத்த வார்த்தையை விழுங்குவேன். விழுங்கிய வார்த்தைகளில்தான் தங்கச்சி நர்சிங் முடித்தாள். அம்மாவின் விரலில் மருந்துக் கறை போனது. எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷம் கழித்து அவருக்குக் குண்டடம் பக்கமே காற்றாலைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. "காத்து நின்னா நிக்கும், வந்தா ஓடும். ஒருத்தரும் கோடு கேக்க மாட்டாங்கக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னார். கடைசி நாள் நிற்கிற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தார். கூரையைப் பார்த்து எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுது ஒண்ணு பாக்கிங்க. நான் வெளிய போனா நிக்கறதெல்லாம் செத்துரும். ஓட்டோணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

"சாகட்டும்யா" என்றேன்.

தலையாட்டினார். கருப்புத் திரையில் 'எக்ஸிட்' என்று அடித்துவிட்டு எழுந்தார். அது ஒரு முறையிலேயே விட்டுவிட்டது.

வாசலில் அவர் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் இறங்கி ஓடினேன். வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. எனக்கு யாருக்கும் 'ங்க' போட்டுப் பழக்கமில்லை. அன்றைக்கு அதுதான் வந்தது.

"சித்திருங்க!"

கம்பெனியே திரும்பிப் பார்த்தது. அவரை நிறுத்த யாரும் அதைச் சொன்னதே இல்லை. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி, ஏதோ தப்பு நடந்துவிட்டது போல முழித்தார்.

"என்னுங்கக்கா?"

"டீ குடிச்சிட்டுப் போய்யா" என்றேன்.

கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார். பாதி டம்ளரில் குண்டடத்திலிருந்து போன் வந்தது. விரலைத் தூக்கினார், சொல்லவில்லை, சிரித்தார், போய்விட்டார்.

கேண்டீன் அம்மா டம்ளரை எடுக்க வந்தாள். இருக்கட்டும் என்றேன். "ஆறிப் போச்சேம்மா, கழுவிப் போடறேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "அது நிக்குது."